மல்லாட்டை மில் கேட்டம்மா

அந்தம்மாவிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். "இன்னாத்துக்கு கேக்குற?"

மணி என்ன என்று கேட்டாலும் அதுதான். மழை வருமா என்று கேட்டாலும் அதுதான். ஒருமுறை சர்க்கார் ஆபீசர் ஒருவர் மில்லைப் பார்வையிட வந்தார். மனுஷர் தங்கமானவர். கேட்டருகே நின்றவளைப் பார்த்து, "உங்க பேர் என்னம்மா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னாத்துக்கு கேக்குற?" என்றாள். பக்கத்தில் நின்ற மேனேஜருக்கு வேர்த்துக் கொட்டியது. நாங்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தோம். ஆபீசர் பேரைத் தெரிந்துகொள்ளாமலே போனார். நாங்களும் தெரிந்துகொள்ளாமலே இருந்துவிட்டோம். எங்களுக்கு அவள் கேட்டம்மா, அவ்வளவுதான்.

அறுபதுகளில் செஞ்சியில், திண்டிவனம் ரோட்டுப் பக்கம் இருந்தது அந்த மில். வேர்க்கடலை என்று புத்தகத்தில் எழுதுவார்கள். எங்கள் பக்கம் அது மல்லாட்டை. சுற்றுவட்டாரத்திலிருந்து வண்டி வண்டியாக வரும். களத்தில் காயவைத்து, மெஷினில் கொட்டி உடைத்து, தோல் வேறு பருப்பு வேறாகப் பிரிப்பார்கள். பருப்பைப் பெண்கள் உட்கார்ந்து பொறுக்கணும். நல்லது மூட்டைக்குப் போகும். உடைசலும் சூம்பலும் எண்ணெய்க்குப் போகும். மெஷின் ஓடும்போது பக்கத்தில் இருப்பவள் கத்தினாலும் காதில் விழாது. வீட்டுக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றினால் செம்மண் கரைந்து ஓடும். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை மல்லாட்டைக்கு நடுவில்தான் கிடப்போம். ஆனால் ஒரு பருப்பை எடுத்து வாயில் போடக் கூடாது. ரேஷன் அரிசிக்கு மணிக்கணக்கில் வரிசை நின்ற காலம் அது. வயிறு காந்தும். எதிரே மல்லாட்டை கோட்டை மலைக்குப் போட்டியாகக் குவிந்து கிடக்கும். யாருக்குத்தான் கை போகாது, சொல்லுங்கள்.

அந்தக் கையைப் பிடிக்கத்தான் கேட்டம்மா.

சாயங்காலம் சங்கு ஊதியதும் பெரிய கேட்டைச் சாத்திவிடுவார்கள். அதிலிருக்கும் சின்னக் கதவை மட்டும் திறப்பார்கள். ஒருத்தி பின்னால் ஒருத்தியாகத்தான் வெளியே போக முடியும். கதவருகே அவள் நிற்பாள். முந்தானையை உதறிக் காட்டணும். கையைத் தூக்கணும். அவள் கை இடுப்பில் ஆரம்பித்து, கொசுவத்தைப் பிடித்துப் பார்த்து, வயிற்றைத் தடவி, முதுகு வழியாகக் கொண்டைவரை போகும். தூக்குச் சட்டியைத் திறந்து காட்டணும். கடைசியாகச் சொல்லுவாள். "வாயைத் தொற. ஊது."

ஊதணும். பச்சையாக மல்லாட்டை தின்ற வாய்க்குத் தனி வாசனை உண்டு. மூக்கைக் கிட்டே கொண்டுவந்து மோந்து பார்ப்பாள். "எங்க வூட்டுக்காரன்கூட இம்மா கிட்ட வந்து மோந்து பாத்ததில்லடி" என்பாள் அஞ்சலை.

அஞ்சலை என் கூட்டாளி. தொண்டூர்க்காரி, கல்யாணமாகி செஞ்சியில் எங்கள் தெருவுக்கே வந்து சேர்ந்தவள். மில்லுக்குச் சேர்ந்து நடப்போம், தூக்கைப் பகிர்ந்து சாப்பிடுவோம். அவள் கொண்டுவருவது கேழ்வரகுக் களி, நான் கொண்டுவருவது ஊறுகாயும் கூழும். ஓட்டை வாய்க்காரி. ஆனால் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள்.

மூட்டை தூக்கும் ஆம்பளைகளை வாட்ச்மேன் பார்த்து அனுப்புவான். என்ன பார்ப்பான்? தோளில் ஒரு தட்டு, "போ". அவ்வளவுதான். ஆம்பளைக்கு மடி கிடையாது, அதனால் திருட்டும் கிடையாது என்று முதலாளிக்கு நினைப்பு.

கேட்டம்மா புடவை கட்டுவதே தனி தினுசு. கொசுவம் என்று பேருக்குக்கூட இருக்காது. உடம்போடு இறுக்கிச் சுற்றி, முந்தானையை இடுப்பில் செருகி முடிச்சுப் போட்டிருப்பாள். ஒரு சுண்டைக்காய்கூட ஒளித்துவைக்க இடம் இருக்காது. எங்களையெல்லாம் அனுப்பிவிட்டு மேனேஜர் ரூமின் முன்னால் போய் நிற்பாள். யாரும் கேட்காமலே முடிச்சை அவிழ்த்துத் தன் முந்தானையையும் உதறிக் காட்டுவாள். மேனேஜர் தலையை நிமிர்த்திப் பார்க்கக்கூட மாட்டார். அவள் பாட்டுக்கு உதறிவிட்டுப் போவாள். "ஊரையெல்லாம் நம்பல, சரி. தன்னையுமாடி நம்பல?" என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

மில் பானையில் தண்ணீர் குடிக்க மாட்டாள். வீட்டிலிருந்து ஒரு சின்னக் குடத்தில் கொண்டுவருவாள், வாயைத் துணியால் கட்டி. குடிக்கும் முன்னால் அந்த முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள், தான் போட்ட முடிச்சுத்தானா என்று. சாப்பிடுவது சுவரைப் பார்த்துக்கொண்டு. என்ன சாப்பிடுகிறாள் என்று மில்லில் ஒருத்திக்கும் தெரியாது. ஆடி மாசத்தில் எங்கள் தெருவில் கூழ் ஊற்றினோம். பாவம் என்று நான் ஒரு செம்பில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கவில்லை. "இதுக்குப் பதுலு என்கிட்ட இன்னா வேணும் உனுக்கு?" என்றாள். எனக்கு வந்ததே கோபம்! "ஒண்ணும் வேணாம் தாயே" என்று செம்பைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சித்திரையில் கமலக்கண்ணி அம்மன் தேர். கூட்டமென்றால் அப்படியொரு கூட்டம். அதில் அவளை ஒருமுறை பார்த்தேன். எல்லோரும் தேரைப் பார்க்க, அவள் கோட்டைச் சுவரில் முதுகை ஒட்டவைத்து நின்றுகொண்டு கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அதேதான். தாண்டிப் போகிற பெண்களின் இடுப்பைத்தான் அவள் பார்வை தொட்டுத் தொட்டுப் போனது. கூட வந்த அஞ்சலை என் காதில் சொன்னாள். "பாரேன், அம்மன் எதிர்ல வந்தாலும் பொடவைய ஒதறச் சொல்லும்."

சிரித்தோம். ஆனால் அந்தக் கையிடம் எங்களுக்கு ஒரு பயம் இருந்தது. மல்லாட்டைக்காக மட்டும் இல்லை.

யோசித்துப் பாருங்கள், நாள் தவறாமல் ஒரு கை உங்கள் வயிற்றைத் தடவுகிறது. அதற்கு என்னதான் தெரியாது? எவள் புருஷன் முதுகில் அடித்தான் என்று தெரியும், தொட்டதும் அவள் சுருங்குவாளே. எவள் வீட்டுக்குத் தூரம் என்று தெரியும். எவள் வாயும் வயிறுமாக இருக்கிறாள் என்று அவள் மாமியாருக்கு முன்னால் அந்தக் கைக்குத் தெரியும்.

பிரசவத்துக்குப் போகிற பெண்ணுக்குச் சம்பளத்தோடு லீவு கொடுக்கணும் என்று புதுச் சட்டம் வந்திருப்பதாகச் சொன்னார்கள். நல்ல சட்டம்தான், யார் இல்லை என்றது? எங்கள் மில்லில் அது எப்படி நடந்தது என்றால், வயிறு வெளியே தெரியும் முன்னாலேயே, "நாளையிலேந்து வரவேணாம்" என்று அனுப்பிவிடுவார்கள். லீவும் இல்லை, சம்பளமும் இல்லை. தளவானூரிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு அப்படித்தான் ஆயிற்று. அவள் இன்னும் புருஷனிடமே சொல்லவில்லை. அதற்குள் மேனேஜருக்குத் தெரிந்துவிட்டது. கேட்டுக்கு வெளியே மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். "உன் கை அழுகிப் பூடும்டி!" என்று அவள் கத்தியபோது கேட்டம்மா முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அடுத்தவளைப் பார்த்து, "கையைத் தூக்கு" என்றாள்.

பிறகு என் முறை வந்தது.

என் வீட்டுக்காரர் கல் குவாரியில் வேலை பார்த்தார். பாறை உருண்டு கால் நசுங்கிப் படுத்த படுக்கையாகிவிட்டார். மாமியார் இல்லை, அவர் பக்கத்து மனுஷர் என்று எட்டிப் பார்க்க நாதி இல்லை. என் நைனா போளூர்ப் பக்கம் எங்கோ வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். மில்லுக்குப் போனால்தான் அடுப்பு எரியும். அந்த நேரம் பார்த்து எனக்கு நாள் தள்ளிப்போயிற்று. சந்தோஷப்பட வேண்டிய சமாசாரம். எனக்கோ தளவானூர்ப் பெண்தான் ஞாபகத்துக்கு வந்தாள். வேலை போய்விட்டால் அவருக்கு மருந்துக்கு எங்கே போவேன், கஞ்சிக்கு எங்கே போவேன்?

யாரிடமும் மூச்சு விடவில்லை. அஞ்சலையிடம்கூட. அவளிடம் சொன்னால் தமுக்கு அடித்த மாதிரிதான். காலையில் குமட்டும், பித்தம் என்று சொல்லிவிடுவேன். ஆனால் சாயங்காலம் அந்தக் கைக்கு என்ன சொல்வது?

ஒருநாள் வரிசையில் நிற்கும்போதே வயிற்றை எக்கிக்கொண்டேன். கை இடுப்புக்கு வந்தது, கொசுவத்தைப் பிடித்தது, அடிவயிற்றில் வந்து நின்றுவிட்டது. எப்போதும் நிற்காத கை. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"போ" என்றாள்.

மறுநாள் காலை, களத்தில் கூடை சுமந்துகொண்டிருந்த என்னை மேனேஜர் கூப்பிட்டார். முடிந்தது கதை என்று போய் நின்றேன். "நீ இனிமே செட்டுல உக்காந்து பொறுக்கு. கூடை தூக்க வேணாம்" என்றார். எனக்கு நம்ப முடியவில்லை. பொறுக்கும் வேலை கொட்டகை நிழலில், உட்கார்ந்து செய்கிற வேலை. வருஷக்கணக்கில் இருப்பவர்களுக்குத்தான் கிடைக்கும். ஏன் எனக்கு? நல்லது நடந்தால் சந்தோஷப்படத் தெரியாத ஜென்மமாகி இருந்தேன் நான். அந்த மில்லில் இருந்தால் அப்படித்தான் ஆவோம். இதில் என்னவோ இருக்கிறது, என்னை எதற்கோ பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள் என்று மனசு அடித்துக்கொண்டது.

எனக்கே அப்படியென்றால் மற்றவர்களுக்கு? மத்தியானம் தூக்கைத் திறக்கும்போது அஞ்சலை கேட்டாள்.

"உனுக்கு மட்டும் எப்பிடிடி உக்காந்த வேல குடுத்தாங்க?"

"எனுக்கு இன்னாடி தெரியும். கூப்ட்டாரு, சொன்னாரு."

"கேட்டம்மா சொல்லித்தான் குடுத்தாங்களாம். வாட்ச்மேன் சொல்றான்."

"அதுக்கும் எனுக்கும் இன்னாடி ஒறவு?"

"அதத்தான் நானும் கேக்குறேன்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அன்றைக்கு என் ஊறுகாயைத் தொடவில்லை.

வயிற்றில் இருப்பதையாவது அவளிடம் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். சொன்னால் வேலை போய்விடுமே!

இதற்கு நடுவில்தான் அஞ்சலை மாட்டினாள்.

கூடை சுமப்பவர்கள் தலையில் சும்மாடு வைப்போம், பழந்துணியை வளையமாகச் சுருட்டி. அந்தச் சுருட்டலுக்குள் ஒரு கை பருப்பை வைத்துச் சுருட்டினால் வெளியே தெரியாது. சாயங்காலம் சும்மாட்டைக் கையில் அலட்சியமாக ஆட்டிக்கொண்டே வெளியே போய்விடலாம். அது அஞ்சலையின் கண்டுபிடிப்பு. அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த சமாசாரம். அவள் வீட்டில் சின்னது இரண்டு. அந்தப் பருப்பை வறுத்துக் கொடுத்தால் அழாமல் தூங்கும் என்பாள்.

அன்றைக்கு வரிசையில் அவளுக்குப் பின்னால் நான். கேட்டம்மா இடுப்பைத் தடவினாள், கொசுவத்தைப் பார்த்தாள், வாயை மோந்தாள். "போ" என்று சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லவில்லை. சும்மாட்டை வாங்கினாள். நிதானமாக, சுற்றுச் சுற்றாகப் பிரித்தாள். பருப்பு மண்ணில் கொட்டியது. அதுவரை அவள் யாருடைய சும்மாட்டையும் பிரித்ததே இல்லை.

அஞ்சலை அழவில்லை, கெஞ்சவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க முடியாது.

"சொல்லிட்டியாடி?" என்றாள்.

"ஐயோ, எம்புருசன் மேல சத்தியமா நான் சொல்லலடி!"

"அப்பொ உனுக்கு உக்காந்த வேல, எனுக்கு இது. நல்லா இருடி. நல்லா இரு."

வரிசையில் இருந்த அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள். அவளை அன்றோடு நிறுத்திவிட்டார்கள். மறுநாளிலிருந்து என் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. நான் வந்தால் பேச்சு நின்றுவிடும். என் முறத்துக்கு இரண்டு பக்கமும் ஓர் ஆள் இடைவெளி விட்டு உட்காருவார்கள். தெருவில் அஞ்சலை வீட்டைத் தாண்டிப் போகும்போது கதவைச் சாத்திக்கொள்வாள். செய்யாத குற்றத்துக்குத் தலைகுனிந்து நடப்பது எவ்வளவு கேவலம் தெரியுமா? செய்தவள்கூட ஒருநாள் மறந்துவிடுவாள். செய்யாதவளால் மறக்கவே முடியாது.

பொறுக்க முடியாமல் ஒருநாள் காலையில் கேட்டம்மாவிடமே போனேன். மெஷின் இன்னும் ஓடவில்லை.

"யம்மா, நான்தான் காட்டிக் குடுத்தேன்னு எல்லாரும் நெனைக்கறாங்க. நான் சொல்லலன்னு நீயே அவங்க எதிர்ல ஒரு வார்த்த சொல்லும்மா."

"நான் சொன்னா நம்புவாளுங்களா?"

அதுவும் சரிதான். அவள் சொன்னால் சந்தேகம் இன்னும்தான் உறுதியாகும்.

"அப்பொ உனுக்கு எப்பிடித் தெரிஞ்சிச்சு, சும்மாட்டுல இருக்குதுன்னு?"

"இன்னாத்துக்கு கேக்குற?" என்று சொல்லிவிட்டுக் குடத்தின் முடிச்சைச் சரிபார்க்கப் போய்விட்டாள். அந்தக் குடத்தைத் தூக்கி அவள் தலையிலேயே போட்டு உடைக்கணும் போல இருந்தது எனக்கு.

என் வயிறு பெரிதானது. இனி எக்கியும் பயனில்லை, ஊருக்கே தெரிந்தது. மேனேஜர் என்னைத் தாண்டிப் போவார், வருவார். பார்த்தும் பார்க்காத மாதிரி. என்னை அனுப்பவில்லை. அந்த மில்லில் வயிறு தள்ளி நிற்க விட்ட முதல் பெண் நான்தான். வீட்டுக்காரருக்கு மருந்து வாங்கினேன், வீட்டில் உலை கொதித்தது. அதே வயிறுதான் எனக்கு எதிரான சாட்சியாகவும் ஆனது. "மத்தவளுங்க பூட்டாளுங்க, இவ மட்டும் எப்பிடி நிக்கறா?" என்று காது படவே பேசினார்கள். வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? நானே அவர்கள் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

பிள்ளை பிறந்தது, ஆண். வீட்டுக்காரர் கோல் ஊன்றி நடக்க ஆரம்பித்தார். பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டு, எடுத்தாலும் எடுப்பார்கள், இல்லாவிட்டாலும் போகிறது என்று மில்லுக்குப் போனேன். மேனேஜர் என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"வா வா. கேட்டம்மாவுக்கு முட்டி போயிடுச்சு, நிக்க முடியல. இனிமே கேட்டுல நீ நில்லு."

"நானா? எனுக்கு வேணாம் சார். பொறுக்கற வேலையே குடுங்க."

"அந்தம்மா அப்பவே சொல்லிடுச்சு. மாசமா இருக்கறான்னு இவள அனுப்பிடாதீங்க, எனக்கு அப்புறம் இவதான்னு. அதனாலதான் உன்ன விட்டு வச்சோம். அந்த எடத்துக்குக் கூட்டாளி, ஒட்டு ஒறவு இருக்கறவ லாயக்கில்ல. உன்கூடத்தான் யாரும் பேசறதில்லையே."

எப்படிச் சொன்னார் பாருங்கள்! ஏதோ பரிசு விழுந்துவிட்ட மாதிரி.

நேரே கேட்டுக்குப் போனேன். ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"எனுக்கு நல்லது பண்ணியா, குழி தோண்டினியா? இந்த எடத்துல நிறுத்தறதுக்குத்தான் என்னையும் அஞ்சலையையும் பிரிச்சியா?"

வழக்கமான பதிலைத்தான் எதிர்பார்த்தேன். அவள் அக்கம்பக்கம் பார்த்தாள். பிறகு முதல் தடவையாக, கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

"மாசத்துக்கு ஒருத்தியாவது நான் காட்டணும். மல்லாட்டையோ, வயிறோ. யாரையும் காட்டலன்னா நானும் உங்களோட கூட்டுன்னு ஆயிடும். அந்த மாசம் உன் வயிறு கைக்கு வந்துது. அவ சும்மாடு ரொம்ப நாளா எனுக்குத் தெரியும், கண்டுக்காம வுட்டுக்கினு இருந்தேன். ரெண்டுல ஒண்ணு."

"ஏன் என்னைய வுட்ட?"

"புள்ள இருந்த வயித்துல சோறு இல்ல. கைல தெரிஞ்சிது."

ஆறு மாசமாக நான் சாப்பிட்ட ஒவ்வொரு வாயும் அஞ்சலை வீட்டிலிருந்து எடுத்தது என்று அப்போதுதான் புரிந்தது. அழுகையாக வந்தது. இவளைக் கும்பிடுவதா, காறித் துப்புவதா?

"உனுக்கு அப்புறம் நான்தான்னு மேனேஜர்கிட்ட சொன்னியே, அது என்னைய வேலையில வச்சிக்கறதுக்குச் சொன்ன பொய்யா, நெசமா?"

அவள் முட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு இன்றுவரை தெரியாது. அன்றைக்குச் சொன்னதிலேயே எவ்வளவு உண்மை என்றும் தெரியாது. என்னை அந்த இடத்தில் நிற்கவைக்க, என் மனசு எதில் இளகும் என்று தடவிப் பார்த்துச் சொன்னதாகவும் இருக்கலாம். தடவிப் பார்ப்பதுதானே அவள் தொழில்.

மேனேஜரிடம் திரும்பிப் போனேன். "அஞ்சலைய வேலைக்கு எடுத்துக்குங்க, நிக்கறேன்" என்றேன். என்ன கணக்குப் போட்டாரோ, சரி என்றார். வாட்ச்மேன் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். யார் சொல்லிச் சேர்க்கிறார்கள் என்று அவளிடம் சொல்ல வேண்டாம் என்று அவன் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன். அவன் சொன்னானோ இல்லையோ, தெரியாது. அஞ்சலை வந்தாள். மறுநாள் காலையில் கேட்டில் என்னைத் தாண்டித்தான் உள்ளே போனாள். முகத்தைத் திருப்பவும் இல்லை, பார்க்கவும் இல்லை. கூடையை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போய்விட்டாள்.

மத்தியானம் செட்டை எட்டிப் பார்த்தேன். பெண்கள் நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவள் தூக்கிலிருந்து ஒருத்தி களியைக் கிள்ளி எடுத்தாள். அவள் என்னவோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

சாயங்காலம் சங்கு ஊதியது. சின்னக் கதவைத் திறந்தார்கள். கேட்டம்மா பெட்டியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நின்றேன். ஒருத்தி ஒருத்தியாக வந்து முந்தானையை உதறினார்கள். என்னைப் பார்க்காமல் எனக்கு மேலே எங்கேயோ ஆகாசத்தைப் பார்த்துக்கொண்டு கையைத் தூக்கினார்கள். என் கை அவர்கள் இடுப்பில் பட்டும் படாமலும் போய் வந்தது.

அஞ்சலை வந்து நின்றாள்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். யாருக்கும் கேட்காத மாதிரி, "நீ போ அஞ்சல" என்றேன்.

அவள் நகரவில்லை. அத்தனை மாசத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, அவளும் மெதுவாகத்தான் சொன்னாள்.

"இன்னாடி போ? பின்னால அத்தினி பேரு பாத்துக்கினு இருக்காளுங்க. என்ன மட்டும் தொடாம வுட்டன்னா, நாளைக்கு எங்கூட எவடி உக்காந்து சாப்புடுவா?"

முந்தானையை உதறினாள். கையைத் தூக்கினாள். நான் அவள் இடுப்பில் கையை வைத்தேன். கொசுவத்தைப் பிடித்துப் பார்த்தேன். வயிற்றைத் தடவினேன். வாயைத் தொற என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளே திறந்து ஊதினாள்.